காரணம் எழுதாத தந்தி

தபாலாபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் கள்ளிப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மலையாண்டி இதுவரை எத்தனை தாய்மாரைச் சாகக் கிடத்தியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. உலகச் சண்டை தொடங்கி ஐந்து வருஷம் ஆயிற்று. மதுரைக்கு மேற்கே இருக்கிற ஊர்ப் பயல்களில் பாதிப் பேர் காக்கி மாட்டிக்கொண்டு கண்காணாத இடத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களை நாலு நாளைக்கு ஊருக்கு வரவழைக்க வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. மலையாண்டியிடம் வந்து தந்திக் காகிதம் எழுதிக்கொண்டு உள்ளே போய்க் கொடுப்பது. ‘மதர் சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ தாய் சாகக் கிடக்கிறாள், உடனே புறப்பட்டு வா. அறுப்புக்கு ஆள் இல்லையா, மதர் சீரியஸ். தங்கச்சிக்குப் பரிசம் போட வருகிறார்களா, மதர் சீரியஸ். குலசாமிக்குக் கிடா வெட்டா, அதற்கும் அதே மதர்தான். அந்த மதர் பல நேரம் பக்கத்திலேயே குத்தவைத்து வெற்றிலையை மென்றபடி, “நல்லா அழுத்தி எழுதுங்கண்ணே” என்பாள்.

எழுதி எழுதி மனுஷனுக்கு அலுத்துப்போயிற்று. ஆரம்பத்தில், உசிரோடு இருக்கிறவளை இப்படி எழுதுகிறோமே என்று கொஞ்சம் கூசியது. அந்தக் கூச்சமும் இப்போது இல்லை. காலையில் வந்து உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் இடுப்பு நோகும், கண் எரியும். பொய் எழுதுகிறவனுக்கு மெய் எழுதுகிறவனைவிட வேலை குறைச்சல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புரட்டாசி மாசம் ஒரு காலையில் ஜெயக்கொடி வந்து நின்றாள். செக்கானூரணியைத் தாண்டி உள்ளே போகிற ஊர். இருபத்திரண்டு வயசு இருக்கும். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து ஓடுகிற கரி பஸ்ஸில் வந்ததால் புகை அடித்து முகமெல்லாம் கறுத்திருந்தது. மலையாண்டிக்கு ஆளைத் தெரியும். அவள் புருஷன் நல்லகாமன் அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்தில் இருக்கிறான். அவனுக்கு இரண்டு தடவை ‘மதர் சீரியஸ்’ எழுதிக் கொடுத்தவர் அவரேதான்.

“அண்ணே, ஒரு தந்தி எழுதணும்” என்றாள்.

“ஆத்தாவுக்கு முடியலையாக்கும்?” என்றார் மலையாண்டி. குரலில் கேலி இருந்தது. இருக்காதா பின்னே?

“நெசமாவே முடியலண்ணே. எட்டு நாளாச்சு, கஞ்சித்தண்ணிகூட எறங்கல. வயித்துல கட்டின்னு வைத்தியரு சொல்லிப்புட்டாரு. நாள் எண்ணிக்கிட்டிருக்கோம்.”

மலையாண்டி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த நல்லகாமன் கதை தபாலாபீஸ் வாசலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. முதல் தந்திக்கு அவன் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். சாகக் கிடந்த ஆத்தா சீனியம்மாள் பருத்திக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் இருந்து கறிச்சோறு தின்றுவிட்டுப் போனான். அதோடு விட்டார்களா? ஆறு மாசத்தில் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு இன்னொரு தந்தி. இந்தத் தடவை பட்டாளத்து ஆபீசர் சும்மா இருக்கவில்லை. விசாரித்துச் சொல்லும்படி கலெக்டருக்கு எழுதினார். கலெக்டர் தாசில்தாருக்கு, தாசில்தார் கிராம முன்சீப்புக்கு. முன்சீப்பு நேரில் போய்ப் பார்த்துவிட்டு, ‘மேற்படி சீனியம்மாள் திடகாத்திரமாக இருக்கிறாள், நான் போனபோது நெல் குத்திக்கொண்டிருந்தாள், எனக்கும் ஒரு செம்பு மோர் கொடுத்தாள்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். நல்லகாமனுக்குச் சட்டைக் கையில் இருந்த ஒற்றைப் பதவிப் பட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். லீவு ஒரு வருஷத்துக்குக் கிடையாது என்று உத்தரவு. ‘இனிமேல் தந்தி அடித்தால் என்னை மறந்துவிடுங்கள்’ என்று அவன் ஒரு கார்டு போட்டான். அதைப் படித்துச் சொன்னவரும் மலையாண்டிதான்.

“புலி வருது புலி வருதுன்னு ரெண்டு தடவை கத்தியாச்சு” என்றார். “இப்ப நெசப்புலி வந்தா எவன் தாயி நம்புவான்?”

“நீங்களே நம்பலையேண்ணே. ஆபீசரு எங்க நம்பப்போறாரு?” என்றாள் அவள். அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, கெஞ்சவில்லை. உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் மலையாண்டி எழுதிக் கொடுத்தார். உச்சி வெயில் ஏறிற்று. அவள் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

கடைசியில் அவருக்கே பொறுக்காமல், “எந்திரி. நானே வந்து பாக்குறேன். பொய்யின்னு தெரிஞ்சுச்சு, அப்புறம் இந்த வாசப்பக்கம் வரக்கூடாது” என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கி உள்ளே தந்திக் குமாஸ்தா சின்னச்சாமியிடம் வைத்துவிட்டுக் கிளம்பினார். கரி பஸ் நாலு இடத்தில் நின்று, இரண்டு இடத்தில் ஆட்கள் இறங்கித் தள்ளி, ஒருவழியாகச் செக்கானூரணி போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து இரண்டு மைல் வெயிலில் நடை. வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் சீனியம்மாள் கிடந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரத்தடியில் மலையாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றவள் இவள்தான் என்று சொன்னால்தான் தெரியும். எலும்பும் தோலுமாக இருந்தாள். கண் மட்டும் உசிரோடு இருந்தது.

“யாரு, தந்திக்காரத் தம்பியா? வாப்பா” என்றாள். “ஏ ஜெயக்கொடி, தம்பிக்கு மோர் குடு. வெயில்ல வந்திருக்கு.”

நம் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. வந்தவரிடம் ‘வேணுமா’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் வேணாம் என்றுதான் பதில் வரும். வேணும் என்று வாய்விட்டுச் சொல்வது மானக்கேடு. பசித்துப் போய் நிற்கிறவன்கூட, ‘இப்பத்தேன் சாப்பிட்டு வாரேன்’ என்று சொல்லி வயிற்றை இறுக்கிக்கொள்வான். மலையாண்டிக்கு இது தெரியாதா? தெரிந்தும் அன்றைக்கு அலுப்பிலும் பதைப்பிலும் நேராகக் கேட்டுவிட்டார்.

“ஆத்தா, உங்களுக்கு மகன் வரணுமா?”

“எனக்கென்னப்பா வேணும், ஒண்ணும் வேணாம்” என்றாள் சீனியம்மாள். “வந்தா வரட்டும். வராட்டி அவன் பொழப்பைப் பாக்கட்டும். ஏற்கெனவே என்னால அவனுக்குப் பட்டை போச்சு. வேணுமின்னா செத்துட்டேன்னு எழுதிரு. இன்னும் ரெண்டு நாள்ல ஆகப்போறதுதேன? அதை நம்புவாகல்ல?”

சொல்லிவிட்டு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலையாண்டி மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

வெளியே வந்து புளியமரத்து நிழலில் நின்றார். “அது சொல்றதும் ஒரு யோசனைதேன்” என்று மெதுவாக இழுத்தார். “எக்ஸ்பயர்டுன்னு எழுதுனா…”

ஜெயக்கொடிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “உசிரு இருக்கிறவளைச் செத்துட்டான்னு எழுதுவீகளா? வாய்க்குள்ள மண்ணு விழுகாது?” என்று பிடித்துக்கொண்டாள். “ரெண்டு தடவை சாகக் கெடக்குதுன்னு எழுதுனதுதேன் பலிச்சு இப்பிடிக் கெடக்குது. போதும்ண்ணே. என்னா குடும்பம் இது! ஆத்தா வேணாங்குது. மகன் தந்தியே வேணாங்குறாரு. வேணாம் வேணாம்னே எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் சாகுறாக. எனக்கு வேணும்ண்ணே. எனக்கு அவுக வேணும். கல்யாணமாகி நாலு வருசம், சேந்து இருந்தது அஞ்சு மாசமும் பத்து நாளும். அவுக கொரலு எப்பிடி இருக்கும்னே மறந்துபோச்சு. அத்தை போயிருச்சுன்னா இந்த வீட்டுல நான் யாரோட பேசுவேன்? எனக்கு வேணும்.”

சொல்லி முடித்ததும் அவளே பயந்துபோய்ச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு பொம்பளை புருஷனை வேணும் என்று வாய்திறந்து சொல்லி மலையாண்டி கேட்டது அதுதான் முதல் தடவை. அவருடைய பெண்டாட்டிகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், ஒருவேளை அவர் பஸ்ராவுக்கே போயிருக்க மாட்டார்.

முந்தின உலகச் சண்டையில் அரபு நாட்டு பஸ்ராவில் ஒரு காப்டனுக்குப் பேரராக, அதாவது எடுபிடி ஆளாக, இருந்தவர் மலையாண்டி. அங்கேதான் இங்கிலீஷ் படித்தார். வெள்ளைக்காரன் வாயில் அதிகமாக வந்து விழுந்த வார்த்தை ‘வான்ட்’. ஐ வான்ட் டீ. ஐ வான்ட் வாட்டர். ஐ வான்ட் மை பூட்ஸ். வேணும் என்பதற்கு அதுதான் வார்த்தைபோல என்று இவரும் பிடித்துக்கொண்டார். பெண்டாட்டிக்குப் பேறுகால நேரம், உடம்புக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று கடிதாசி வந்ததும், நேராகப் போய் நின்று, “ஐ வான்ட் லீவ், சார்” என்றார். காப்டன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். ‘வான்ட் என்பது நான் சொல்வது. நீ சொல்லவேண்டியது பெக்’ என்று சொல்லி, முதுகில் மூட்டையைக் கட்டி அந்திவரைக்கும் வெயிலில் நிற்க வைத்தார். பெக் என்றால் பிச்சை கேட்பது. மலையாண்டி அப்புறம் மூன்று மாசம் பெக் பண்ணினார். லீவு கிடைத்து ஊர் வந்தபோது வீட்டில் விளக்கு ஏற்ற ஆள் இல்லை. தாயும் போயிருந்தாள், பிள்ளையும் போயிருந்தது.

அதற்கப்புறம் இருபத்தேழு வருஷமாக அவர் எழுதின எந்தக் காகிதத்திலும் அந்த வார்த்தை கிடையாது. பெக், ப்ரே, ஹம்பிள் ரிக்வெஸ்ட், தங்கள் பாதம் பணிந்து. எல்லாம் குனிந்து நிற்கிற வார்த்தைகள். எழுதி எழுதி அவருடைய முதுகே கூனிவிட்டது.

மறுநாள் காலையில் ஜெயக்கொடி மறுபடி மரத்தடிக்கு வந்தாள். மலையாண்டி ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. தந்திக் காகிதத்தை எடுத்து, ஆபீசர் விலாசத்தையும் நல்லகாமன் பேர், பட்டாள நம்பரையும் எழுதி, கீழே ஒரே வரி எழுதினார்.

“என்னண்ணே எழுதியிருக்கீக?”

“ஐ வான்ட் மை சன். என் மகன் எனக்கு வேணும். அம்புட்டுத்தேன். சீரியஸும் இல்ல, ஒரு காரணமும் இல்ல. காரணம் எழுதினாத்தேன் பொய்யான்னு விசாரிப்பான். வேணும்ங்கிறதை முன்சீப்பு வந்து என்னத்தை விசாரிக்கிறது?”

“யாரு பேரு போட்டிருக்கு?”

மலையாண்டி தலையைச் சொறிந்தார். “சீனியம்மாள்னு போட்டிருக்கேன் தாயி. நீ சொன்னதுதேன். ஆனா பொண்டாட்டிக்குப் புருஷன் வேணுமாம்னு போனா பட்டாளமே சிரிக்கும். ஆத்தா பேருல போனா மருவாதியா இருக்கும்.”

ஜெயக்கொடி அந்தக் காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. “சரிண்ணே. வந்தாப் போதும்” என்றாள்.

தந்தி போன நாலாம் நாள் சீனியம்மாள் போய்ச் சேர்ந்தாள். பங்காளி மகன் கொள்ளி வைத்தான். எட்டாம் நாள் நல்லகாமன் வந்து இறங்கினான்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு, திரும்பிப் போக இரண்டு நாள் இருக்கையில், அவன் ஜெயக்கொடியைக் கூட்டிக்கொண்டு தபாலாபீஸ் வாசலுக்கு வந்தான். மொட்டைத் தலை, கண் குழி விழுந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தந்தியை எடுத்து மலையாண்டியின் பெட்டிமேல் விரித்து வைத்தான்.

“ஆபீசரு கூப்பிட்டாருண்ணே. மூணாவது தந்தியான்னு பயந்துக்கிட்டே போனேன். படிச்சுக் காட்டுனாரு. ஏன் காரணம் எழுதலன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். காரணம் சொல்றவன்தான் பொய் சொல்றான், போய்ட்டு வான்னு அன்னைக்கே சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு. ரயில்லதேன் அஞ்சு நாளு போச்சு.”

அன்றைக்கே கொடுத்துவிட்டார். மலையாண்டிக்கு அது சுருக்கென்று தைத்தது. எல்லா வெள்ளைக்காரனும் பஸ்ரா காப்டன் இல்லை போலிருக்கிறது. ஒருத்தன் வெயிலில் நிறுத்தினான் என்று இருபத்தேழு வருஷம் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து செத்தோமே என்று இருந்தது. முதல் வேலையாக இதையே எழுதியிருந்தால் சீனியம்மாளுக்கு எந்தக் காலத்திலும் பொய்யாகச் சீரியஸ் ஆகியிருக்க வேண்டாம். அவள் மகன் மடியிலேயே போயிருப்பாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நல்லகாமன் இன்னும் போகவில்லை. தந்தியை விரலால் தடவிக்கொண்டே நின்றான்.

“ஒண்ணு கேக்கணும்ண்ணே. எங்க ஆத்தா நெசமாவே இப்பிடிச் சொல்லுச்சா? எனக்குப் புத்தி தெரிஞ்ச நாள்ல இருந்து அது வாயில வேணும்ங்கிற வார்த்தையை நான் கேட்டதே இல்ல. அரை வயித்துக் கஞ்சி குடிச்சாலும் போதும்ங்கும். என்னை வேணும்னு சொல்லுச்சா?”

இல்லை என்று சொன்னால் இவன் இந்த வேப்பமரத்தடியிலேயே உடைந்துபோவான். ஆமாம் என்று சொன்னால் பின்னால் நிற்கிற அந்தப் பெண்ணின் வார்த்தையைத் திருடின மாதிரி ஆகும். மலையாண்டி ஜெயக்கொடியைப் பார்த்தார்.

“அத்தைதேன் சொல்லுச்சு” என்றாள் ஜெயக்கொடி. “ரெண்டு தடவை சொல்லுச்சு. என் மகன் எனக்கு வேணும்னுச்சு. நாந்தேன் வந்து அண்ணங்கிட்டச் சொன்னேன்.”

நல்லகாமன் தந்தியை முகத்தில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதான். தெருவில் போன வண்டிக்காரன்கூட நிறுத்திப் பார்த்தான். ஜெயக்கொடி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு ஆசையையும் செத்தவளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு நிற்கிறாளே என்று மலையாண்டிக்குத் தாங்கவில்லை. வாயைத் திறக்கவும் துணிச்சல் வரவில்லை. போகும்போது நல்லகாமன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அந்தப் பாரமும் வேறு அவர் மனசில் சேர்ந்துகொண்டது. அவன் சொன்ன நாளில் பட்டாளத்துக்குத் திரும்பிப் போனான்.

மழை வந்து நின்றது. தை பிறந்து பொங்கலும் போயிற்று. மலையாண்டி வழக்கம்போல வேப்பமரத்தடியில் தாய்மாரைச் சாகக் கிடத்திக்கொண்டிருந்தார். நாலு பேரிடம் ‘வேணும்’ என்று எழுதலாமே என்று சொல்லிப் பார்த்தார். ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. “அய்ய, அப்பிடியெல்லாம் எழுதுனா நல்லாவாண்ணே இருக்கும்?” என்று கூச்சப்பட்டார்கள். சாகக் கிடப்பதில் யாருக்கும் கூச்சமில்லை.

மாசி மாசம் ஒரு காலையில் ஜெயக்கொடி வந்து நின்றாள். இந்தத் தடவை முகத்தைக் கழுவி, தலை சீவி வந்திருந்தாள்.

“என்னா தாயி, உடம்புக்கு எதுவுமா?” என்று பதறினார் மலையாண்டி.

“நல்லாத்தேன் இருக்கேன். தந்தி எழுதணும்ண்ணே.”

“இப்ப யாரு பேருல எழுதுறது? ஆத்தாதேன் இல்லையே. உனக்குச் சீரியஸ்னு போடவா?”

“எனக்கு ஒண்ணும் சீரியஸ் இல்ல” என்றாள் ஜெயக்கொடி. “அன்னைக்கு எழுதுனீகளே, அதையே எழுதுங்க. இந்தத் தடவை என் பேரைப் போடுங்க.”

“சிரிப்பானுக தாயி.”

“சிரிக்கட்டும்.”

“அவனுக்கு ரோசமாப் போயிரும். லீவு குடுக்காமயும் போகலாம்.”

“குடுக்காட்டிப் போகட்டும். நான் சொன்னேன்னு அவுகளுக்குத் தெரியணும். போன தடவை சொன்னதும் நாந்தேன்னு நான் சொல்லமாட்டேன், அது அத்தைக்கே இருக்கட்டும். இது என்னோடது.”

மலையாண்டி பேனாவில் மையைத் தொட்டார். பழையபடி விலாசமும் நம்பரும் போட்டு, ‘ஐ வான்ட் மை ஹஸ்பண்ட்’ என்று எழுதி, கீழே ஜெயக்கொடி என்று போட்டார். அவளை அனுப்பாமல் தானே எழுந்து உள்ளே போய்க் குமாஸ்தாவிடம் நீட்டினார்.

சின்னச்சாமி படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். “என்னண்ணே இது? மதர் சீரியஸ், ஃபாதர் சீரியஸ் ஒண்ணுமே காணோம். காரணத்தை எழுதாம விட்டுட்டீங்களா?”

“சேதியே அம்புட்டுத்தேன்” என்றார் மலையாண்டி. “அடிங்க.”

சின்னச்சாமி சிரித்தபடி தந்திக் கட்டையைத் தட்ட ஆரம்பித்தார். ஜெயக்கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் நிற்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“என் பேரும் போயிருச்சாண்ணே?”

“போயிருச்சு தாயி” என்றார் மலையாண்டி.